புதுத்துணிக்கு மஞ்சள்

துபாய் ஜுமேராவில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வில்லாவில் சிவகொழுந்துக்கு முழுப் பெயர் கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளே பமீலா மேடம் பெயரைப் பாதியில் வெட்டி 'சிவா' என்று ஆக்கிவிட்டாள். ஊரில், சுன்னாகம் சந்தையில் நின்று 'சிவா' என்று கூப்பிட்டால் நாலு ஆம்பிளைகள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு வருஷமாக இங்கே அவள்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

வீட்டு வேலை மட்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். கார் நிறுத்துகிற கொட்டகைக்குக் கண்ணாடியும் நீளக் கைப்பிடியும் வைத்து மேடம் பாலே வகுப்பு தொடங்கிய பிறகு, வேலை இரண்டாயிற்று. சம்பளம் ஒன்றாகவே இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நுனிக்காலில் நடந்து பழக, அவர்களுடைய காலுறையைத் தோய்ப்பதும், சறுக்கி விழாமல் தரையைத் துடைப்பதும், வருஷத்துக்கு ஒருதரம் நடக்கும் ஷோவுக்கு உடுப்புத் தைப்பதும் சிவகொழுந்தின் தலையில் விழுந்தன. அவளுக்கும் நாற்பத்தேழு வயதாகிவிட்டது. பொழுதுபட்டால் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது, மடக்கினால் நிமிர மாட்டேன் என்றது.

இத்தனையையும் அவள் இழுத்துக்கொண்டு போனது மகள் வதனிக்காக. வதனி ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் மாமன் மகேசன் வீட்டில் இருந்தாள். கணக்கில் புலி. பல்கலைக்கழக இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் இந்தச் சண்டைக்குள் கம்பஸ் நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் மகேசன் கொழும்புக்கு வந்தபோது போன் எடுத்தான். வழக்கமாகச் சுகம் விசாரிக்கிறவன், அன்றைக்கு அதையும் விசாரிக்கவில்லை.

"அக்கா, பெட்டையை இனி இஞ்ச வைச்சிருக்க ஏலாது. முந்தநாளும் பக்கத்து ஒழுங்கையில ஷெல் விழுந்தது. எங்கையெண்டாலும் எடு. கெதியா எடு."

எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. மேடத்தின் புருஷன், துரை, இன்னொரு வேலைக்காரி விசாவுக்குக் கையெழுத்துப் போடவேண்டும். மேடம் சொன்னால் துரை எதிலும் கையெழுத்துப் போடுவார். மேடம் சொல்ல வேண்டுமே! போன வருஷமே கேட்டபோது, முதலில் நோன்பு முடியட்டும் என்றாள். பிறகு வெயில் காலம் முடியட்டும் என்றாள். கிறிஸ்மஸும் முடிந்தது. இப்போது, "ஷோ முடியட்டும், சிவா."

கீழக்கரை மீரா சாகிப் அந்த வீட்டு டிரைவர். பின்கதவில் நின்று டீ குடித்துக்கொண்டே அவன் வம்புக்கு இழுத்தான்.

"போன வருசமும் ஷோ நடந்துச்சு, முடியவும் செஞ்சுச்சுல்ல அக்கா? நமக்கு விசா குடுக்குற கஃபீல் தொரைதான். ஆனா அந்தக் கஃபீலுக்குக் கஃபீலு உள்ள ஒக்காந்திருக்காக."

"பகிடி விடாதேங்கோ தம்பி. டீயைக் குடிச்சிட்டுக் கோப்பையை வையுங்கோ" என்றாள் சிவகொழுந்து. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அந்த வருஷ ஷோவுக்கு மேடம் பெரிய திட்டம் வைத்திருந்தாள். விக்டோரியா மகாராணி கிழவியாகிவிட்ட காலத்து லண்டன் மேடையை, துபாய் ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் அப்படியே எழுப்பப் போகிறாளாம். வகுப்புச் சுவரில் அந்தக் காலத்துப் படங்கள் தொங்கின. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் வெள்ளைப் பாவாடைகளில், வரிசை வரிசையாகப் பெண்கள். நைலான் கூடாது, அந்தக் காலத்தில் ஏது நைலான் என்று மேடம் கட்டுக் கட்டாக மஸ்லின் வாங்கி வந்தாள். சத்வா கடைத்தெரு டைலர் கௌஸ் முகைதீன் வெட்டிக் கொடுத்ததை அடுக்கடுக்காகச் சுருக்கிக் கையால் தைத்தது சிவகொழுந்து. பத்து நாளாக மேடமும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து தைத்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தைக்கும்போது கதையும் சொன்னாள்.

முன்வரிசையில் ஆடுகிறவளுக்குத்தான் பூச்செண்டும் பேரும். அவளும் இத்தாலியிலிருந்து வந்தவளாக இருப்பாள். பின்னால் நிற்கிற நூறு பேரும் லண்டன் சேரிப் பெண்கள். எட்டு வயதில் தேவதை வேஷத்துக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்கள். பதினெட்டில் நடுவரிசை. முப்பது தாண்டினால் கடைசி வரிசை, அங்கே வெளிச்சம் அவ்வளவாகப் படாது. அதற்குள் அவள் பெற்ற பிள்ளை கம்பியில் தொங்கத் தொடங்கியிருக்கும். தாய் மேடைக்குப் பின்னால் குந்தியிருந்து மகளின் கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுப்பாள்.

"ஏன் மேடம், அந்தத் தாய்மார் பிள்ளையளைப் படிக்க விடேல்லையோ?" சிவகொழுந்து தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்.

"வேறே எங்கே அனுப்புவார்கள், சிவா? அது கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று நினைத்தார்கள்" என்றாள் மேடம், நூலைப் பல்லால் கடித்தபடி.

இன்னொன்றும் சொன்னாள். மேடை ஓரத்தில் வரிசையாகக் காஸ் விளக்கு எரியுமாம். மஸ்லின் பாவாடை ஒரு சுழற்சியில் அந்தப் பக்கம் போனால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் இருக்க ஒரு மருந்துத் தண்ணீரில் தோய்ப்பது உண்டு. தோய்த்தால் துணி விறைத்து வெண்மை மங்கும் என்று பல பெண்கள் தோய்க்காமலே உடுத்தினார்கள். சில இடங்களில் ஈரக் கம்பளியோடு ஒரு ஆள் திரை மறைவில் நிற்பான். அவன் ஓடி வருவதற்குள் சில பிள்ளைகள் போய்விட்டன. பிறகு மின்சாரம் வந்தது, பெரிய அரங்குகளுக்கு மட்டும் முதலில் வந்தது.

சிவகொழுந்து ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். செத்தது யார் வீட்டுப் பிள்ளையோ, எந்தக் காலமோ. ஆனாலும் அன்றைக்கு அவளால் மேற்கொண்டு தைக்க முடியவில்லை.

கடைசிப் பாவாடை முடிந்த மறுநாள் காலை அவள் தன் அறைக்குள் போய், பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்த சின்ன டப்பாவைத் திறந்து மஞ்சளைக் குழைத்தாள். புதுத்துணி எது வந்தாலும் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் பட்ட பிறகுதான் உடம்பில் படவேண்டும். உடுத்துகிறவர்களுக்கு ஒரு கெடுதியும் வராது, துணியும் நிலைத்து நிற்கும். அவள் வீட்டில் யாரும் இதை யோசித்துச் செய்ததில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போலத்தான். துரையின் புதுச் சட்டைகளின் உள்தையலில்கூட ஆறு வருஷமாக மஞ்சள் இருக்கிறது, அந்த மனுஷனுக்குத் தெரியாது. இப்போது பதினாலு பாவாடைக்கும், எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் அடுக்கின் கரையில், கடலை அளவுக்கு ஒவ்வொரு பொட்டு வைத்தாள். நெருப்புக்குக் கிட்டப் போகிற பிள்ளைகள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. மேடம் மேடை ஓரத்தில் நிஜமாகவே கண்ணாடிச் சிம்னி விளக்கு ஏற்றப் போகிறாள், அதற்கு மானேஜர் ஒரு நிபந்தனை போட்டார். துணி முழுவதும் தீப்பிடிக்காத மருந்தில் தோய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு கிடையாது. மேடம் அசரவில்லை, மருந்து அவளுக்குத்தான் தெரியுமே. தேராவில் தங்கநகை செய்கிறவர்களிடம் வெங்காரம் கிடைக்கும் என்று மீரா சாகிப்பை விரட்டினாள். அவன் ஒரு மணி நேரத்தில் வெள்ளைக் கட்டிகளோடு வந்தான்.

"தட்டான் நகை பத்தவைக்கிற சாமானை வச்சு இவுக பாவாடை நனைக்கப் போறாக. காலம்டா சாமி!"

குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, வெங்காரத்தைக் கரைத்து, பாவாடைகளை ஒன்றாக அமுக்கி ஊறவைத்துவிட்டுச் சிவகொழுந்து துரைக்கு மீன் பொரிக்கப் போனாள். மஞ்சள் அவள் நினைவிலேயே இல்லை. வேலை முடிந்ததும் மறந்துவிடுகிற காரியம் அது.

திரும்பி வந்து குனிந்தவள் அப்படியே நின்றாள். தொட்டிக்குள் அங்கங்கே சிவப்பு. ஒரு பாவாடையைத் தூக்கினாள். கடலை அளவு வைத்த மஞ்சள் கரைந்து, ஒட்டிக் கிடந்த நாலைந்து அடுக்குக்கும் பரவி, உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக் கறையாக நின்றது. அடுத்ததைத் தூக்கினாள், அதிலும் அப்படியே.

அவளுக்குப் புரிய நேரம் எடுக்கவில்லை. எத்தனை கல்யாணத்துக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் தட்டில் சிவக்கக் கரைத்து ஆலாத்தி எடுத்திருப்பாள்! வெங்காரமும் சுண்ணாம்பின் வேலையைத்தான் செய்திருக்கிறது. இது அப்போதே தோன்றியிருந்தால் என்ன? சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். இன்னும் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க அகன்றது. வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், ஆனால் வெளியே இரண்டு நாளாகப் புழுதிக்காற்று. நாளை மறுநாள் ஷோ. ஷோ முடிந்தால் விசா. அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஒரு நித்திரை கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது.

மீரா சாகிப் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தான்.

"யா அல்லா! அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. சத்வா டைலர் கையக் குத்திக்கிட்டு ரத்தத்தோட குடுத்துட்டான்னு சொல்லிருங்க. கௌஸ் முகைதீன நான் சமாளிச்சுக்கிறேன்."

சிவகொழுந்து அதை யோசிக்காமல் இல்லை. வதனிக்காக அவள் எந்தப் பொய்யும் சொல்லுவாள். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அதைப் பிறகு சோறு போட்டு வளர்க்கவேண்டும். டைலர் வருவான், மேடம் கேட்பாள், திரும்பக் கேட்பாள். அதற்கெல்லாம் அவளிடம் அன்றைக்குச் சீவன் இருக்கவில்லை.

மேடம் வந்தாள். வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரத்தமா?"

"இல்லை மேடம், மஞ்சள். நான்தான் வைச்சனான். புதுத்துணிக்கு வைக்கிறது. பிள்ளையளுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு. நீங்கள் நெருப்புக் கதை சொன்னனீங்கள்தானே."

மேடம் தொட்டியிலிருந்து ஒரு பாவாடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பேசினாள், வீடே கேட்கும்படி பேசினாள். பதினாலு பாவாடை! பத்து நாள்! என் வீட்டில் உன் மந்திரமெல்லாம் எதற்கு? சிவகொழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் சுருங்கியிருந்தன, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஓய்ந்தபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், வதனியின்ரை விசா?"

"பார்க்கலாம்" என்றாள் மேடம். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

'முடியட்டும்' என்ற சொல்லாவது பரவாயில்லை, அதற்கு ஒரு முடிவு இருந்தது. இந்தப் 'பார்க்கலாம்' என்பதற்கு அதுவும் இல்லை. அவள் பாவாடைகளைப் பிழிந்து உள் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே விரித்தாள். காய்ந்தபோது கறை இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

மேடம் சுவரிலிருந்த படங்களின் முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். அந்தப் படங்களில் ஒன்றில் பெண்களின் பாவாடை ஓரத்தில் துணிப்பூக்கள் இருந்தன. மீரா சாகிப் மறுபடியும் கடைக்கு ஓடினான், சிவப்பு சாட்டின் வந்தது. ஒவ்வொரு கறையின் மேலும் ஒரு கொத்து ரோஜா. கறை தற்செயலாக இருந்ததால் பூவும் தற்செயலாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தது. மறுநாள் பகல் முழுக்கச் சிவகொழுந்து பூச் சுருட்டினாள். மேடம் கூட உட்காரவில்லை.

ஷோ அன்றைக்கு அவளுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. அந்தக் காலத்து முறை ஒன்றும் குறையக்கூடாதே! ஒரு கம்பளியை வாளியில் நனைத்து அவள் கையில் கொடுத்து, திரை மறைவில் நிற்கச் சொன்னாள் மேடம். ஈரக் கம்பளி என்ன கனம் கனக்கும் என்பது பிடித்தவர்களுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் அதை ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சேலையை நனைத்தது. விளக்குகள் கண்ணாடிக்குள் ஒழுங்காக எரிந்தன. பிள்ளைகள் சுழன்றார்கள், ரோஜாக்களும் சேர்ந்து சுழன்றன. சபை கை தட்டியது. சிவகொழுந்தின் கண் மட்டும் கடைசி வரிசையை விடவில்லை. அங்கே நின்ற ஒரு குண்டுப் பிள்ளை ஒவ்வொரு அடியையும் அரை அடி பிந்தி ஆடியது. அதைப் பார்த்து அவளுக்குத் தாங்க முடியாத பாசம் வந்தது. உனக்கு ஒன்றும் வராது பிள்ளை, நான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருத்திக்கும் ஒன்றும் நடக்கவில்லை. திரை விழுந்ததும் பூச்செண்டோடு மேடம் வந்தாள். முகம் சிவந்து, கண் பளபளத்து, வேறு ஆள் மாதிரி இருந்தாள். எல்லோரும் அந்த ரோஜாவைப் பற்றித்தான் கேட்கிறார்களாம். குளிர்காலத்தில் இன்னும் பெரிய மண்டபத்தில் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம். ஐம்பது பாவாடை வேண்டும்.

"ஒரு ஆளால் முடியாது. உன் மகள் நன்றாகத் தைப்பாளா, சிவா?"

வதனிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போகிறவள். கணக்கு மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"ஓம் மேடம்" என்றாள் சிவகொழுந்து. "என்னைவிட நல்லாத் தைப்பாள்."

அன்றைக்குத் தொட்டியருகே சொல்லச் சீவனில்லாத பொய், இப்போது தானாக வாயிலிருந்து விழுந்தது. மறுநாள் வெள்ளி, விடுமுறை. அதற்கடுத்த நாளே துரை கையெழுத்துப் போட்டார்.

வைகாசி கடைசியில் வதனி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் சிவகொழுந்து அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை, இரண்டு தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முழுசாக வந்துவிட்டாள். அது போதும், அதற்கு மேல் கேட்க ஆறு வருஷத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. மெலிந்திருந்தாள் பிள்ளை. பையில் இரண்டு உடுப்பும், ஒரு கட்டுக் கணக்குக் கொப்பிகளும் இருந்தன.

"இதுகளை ஏன் பிள்ளை காவிக்கொண்டு வந்தனீ?"

"மறந்துபோகாமல் இருக்கத்தான் அம்மா. சண்டை நிண்டால் போகலாம்தானே" என்றாள் வதனி. மீரா சாகிப் கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுக் காரை ஓட்டினான்.

மறுநாள் காலை மேடம் சமையலறைக்கு வந்தாள். வதனியைச் சிரித்து வரவேற்றாள், பெயரைக் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், பிறகு 'வா' என்று வைத்துக்கொண்டாள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. கையில் ஒரு பொதி இருந்தது. மிஞ்சிய மஸ்லினில் கௌஸ் முகைதீனிடம் சொல்லி ஒரு ஏப்ரன் தைத்து வாங்கியிருந்தாள். அதன் பையில் மிச்சமிருந்த ரோஜா ஒன்றையும் வைத்துத் தைத்திருந்தாள். அன்பாகத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

"அழகாக இருக்கிறது, இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வதனி ஏப்ரனை விரித்துப் பார்த்தாள். பூவைத் தடவினாள். பிறகு பழக்கத்தில் கரையைப் புரட்டினாள்.

"அம்மா, மஞ்சள் பூசேல்லையோ?"

சிவகொழுந்து டப்பாவை எடுத்துத்தான் வைத்திருந்தாள். மஞ்சளும் விரல் நுனியில் குழைந்து தயாராக இருந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளைகள் பதினாலு பேருக்கு வைத்தவள், துரையின் சட்டைக்கும் வைத்தவள். விரலைக் கரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். லண்டனில் மேடைக்குப் பின்னால் குந்தியிருந்து மகளுக்குப் பாவாடை தைத்த அந்தத் தாய்மார் நினைவுக்கு வந்தார்கள். விரலை எடுத்துக்கொண்டாள்.

"இதுக்கு வேண்டாம்."

"ஏனம்மா?"

"மஞ்சள் வைச்சா துணி நிலைக்கும் பிள்ளை. இது நிலைக்கக் கூடாது. கெதியாக் கிழியட்டும்."

வதனி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். பின்னால் முடிச்சுப் போட அவளுக்கு வரவில்லை. சிவகொழுந்துதான், மஞ்சள் படாமல் மற்ற விரல்களால் முடிந்துவிட்டாள். பிறகு குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். விரல் நுனி சிவந்தது. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

உள்ளேயிருந்து மேடம், "சிவா! வா!" என்று கூப்பிட்டாள். தாயும் மகளும் சேர்ந்து திரும்பினார்கள்.